மாப்பிள்ளைக்கு வந்த பால்

மகள்: அப்பா, கேனை அங்கேயே வெச்சுட்டு ஓடி வாங்க! இதைப் பாருங்க!

பால்காரர்: என்னடி இது... காலங்காத்தால பிள்ளைத் துணியை மூக்குக்கு நேரா நீட்டுற?

மகள்: மஞ்சள்ப்பா! நல்ல மஞ்சள்! சளி இல்ல, ரத்தக் கோடு இல்ல...

பால்காரர்: சரி சரி, தங்கம்னு நெனச்சுப் பெட்டியில வெச்சுப் பூட்டிடாதே. அழுதானா?

மகள்: மூச்! வயித்தை முறுக்கிக்கிட்டு வீட்டையே ரெண்டாக்குவானே... நேத்து முழுக்கச் சிரிப்பு. மூணு மாசப் பிள்ளை, ஒரு ஏப்பம் விட்டான் பாருங்க, உங்க பெரிய மாடு தோத்துச்சு!

பால்காரர்: என் பேரன்டி!

மகள்: அதானே, அழுதா மட்டும் மாப்பிள்ளை வீட்டு ரத்தம்! அன்னிக்கு அந்த டாக்டரம்மாவை என்ன பேச்சுப் பேசினீங்க...

பால்காரர்: பின்னே? பிள்ளை குடிக்கிறது தாய்ப்பால். தாய்க்காரி மாட்டுப்பாலை விட்டாத்தான் அவன் வயிறு ஆறுமாம். எங்கேயோ நிக்கிற என் மாட்டு மேல பழி!

மகள்: நான் குடிக்கிற பாலோட சத்து தாய்ப்பால்ல கலந்து போகுது, இவன் குடலுக்கு அது ஒத்துக்கலன்னு படம் போட்டுக் காட்டினாங்களே.

பால்காரர்: நாப்பது வருஷமா பால் கறக்குறவனுக்குப் படம் காட்டுறா!

மகள்: அப்பா... ஒண்ணு சொல்றேன். திட்டக் கூடாது.

பால்காரர்: திட்டுற மாதிரி இருந்தாத் திட்டுவேன்.

மகள்: நான் பாலை விடவே இல்ல.

பால்காரர்: என்னடி சொல்றே?

மகள்: விட்டுட்டேன்னு எல்லார்கிட்டயும் சொன்னது பொய். பால் இல்லாத காபி தொண்டையில இறங்கலப்பா! மாப்பிள்ளைக்குன்னு சின்னக் கேன்ல கொண்டு வர்றீங்கல்ல, அவர் குளிக்கப் போனதும் அதுல ரெண்டு தம்ளர்... மடக்கு மடக்குன்னு...

பால்காரர்: அடி திருட்டுப் பூனை!

மகள்: சிரிக்காதீங்க! மொத நாள் நடுங்கிப் போயிட்டேன். பாவி, பெத்த பிள்ளைக்கே இப்படிப் பண்றியேன்னு... ஆனா பாருங்க, பத்து நாளா நான் குடிக்கக் குடிக்க இவன் தேறிக்கிட்டே வர்றான்! அப்ப யாரு ஜெயிச்சது? நீங்கதான்! டாக்டரம்மா அவுட்டு!

பால்காரர்: ம்ம்...

மகள்: என்ன ம்ம்? துள்ளிக் குதிப்பீங்கன்னு பார்த்தா...

பால்காரர்: முட்டி வலி.

மகள்: அவரும் சொல்றாரு, மாமா மாட்டுப் பாலுக்கு ஈடே இல்லன்னு. கொஞ்சம் பயறு வாடை அடிச்சாலும்...

பால்காரர்: தீவனம் மாத்தியிருக்கேன்டி, விடு!

மகள்: சரி, நகருங்க. இனிமே ஒளிவு மறைவே கிடையாது. ஊருக்கு ஊத்துற அந்தப் பெரிய கேன்லேருந்து ஒரு சொம்பு மோந்துக்கறேன். எனக்கு ஒரு பெரிய தம்ளர், இந்தக் குட்டிப் பயலுக்கு ஒரு கரண்டி...

பால்காரர்: ஏய்... தொடாதே!

மகள்: ஐயோ, ஏன்ப்பா கத்துறீங்க? பிள்ளை பயப்படுறான்...

பால்காரர்: அதுல இருக்குறது மாட்டுப்பால்டி!

மகள்: தெரியுமே, மாட்டுப்பால்தான்... இருங்க, அப்ப சின்னக் கேன்ல?

பால்காரர்: சோயாப் பால். கடையில விக்கிற பாக்கெட்டு. உன் நாக்கை எனக்குத் தெரியாதா, நீ மாப்பிள்ளை கேன்ல கை வைப்பேன்னு? உனக்கு எதைக் குடுத்தாப் பிள்ளைக்கு ஒத்துக்கும்னு அந்த டாக்டரம்மா காலடியிலயே போய் நின்னு கேட்டுட்டு வந்தேன். பத்து நாளா தலையில துண்டைப் போட்டுக்கிட்டுக் கடைக்குப் போறேன், தெருமுனையில நின்னு கேன்ல ஊத்துறேன்... வெளியில மூச்சு விட்டுடாதே தாயி, பால்காரன் பாக்கெட்டு வாங்குறான்னு தெரிஞ்சா என் மாடே என்னைக் கிட்ட சேர்க்காது!