காரணம் கேட்ட பெல்ட்

இல்ல குணாளன் சார், உக்காருங்க. தாப்பா மலரோட்டு வளைவுல தல சுத்துச்சுன்னா இந்தத் தேத்தண்ணிய குடிங்க, தெளியும். ஆனா இந்த ரிப்போர்ட்டுல நான் சைன் போட மாட்டேன். பெல்ட்டுல அடிபட்ட செல்லம் அக்கா ஸ்டாப் பட்டன அமுத்தல, அவங்க கவனக்குறைவுதான்னு எழுதிட்டு, கீழ ப்ரோக்ராமர் தனுஜான்னு என் பேரு வேணுமா? நல்லா இருக்கு லா!

கம்ப்யூட்டர் பதியுற லாக்ல ஸ்டாப் வரல, வரலன்னு அதையே சொல்றீங்க. எப்படி வரும்? உங்களுக்கு கோட் தெரியாதுல்ல, கேளுங்க.

தேயில பேக்டரி மெஷினுக்கெல்லாம் ஒரு பேரண்ட் கிளாஸ் இருக்கு, தகப்பன் மாதிரி. நான் எழுதுனது. அதுல நிறுத்துன்னு ஒரு வேல. கூப்புடுறவங்க ஒண்ணும் குடுக்க வேணாம், நிறுத்துன்னா நிக்கணும். நின்னுச்சா இல்லையான்னு பதில் சொல்லணும், அவ்வளவுதான். என்ன வாங்கும், என்ன திருப்பித் தரும்னு டைப் ஹிண்ட் போட்டு அங்கேயே எழுதி வெச்சிருக்கேன். கொழுந்து வாட்டுறது, உருட்டுறது எல்லாம் அதோட புள்ளைங்க. சொன்னா நிக்கும். அத நம்பித்தான் செவப்பு பட்டன் எல்லாத்தையும் ஒரே மாதிரி கூப்புடுது.

கொழுந்து கொண்டுபோற புது பெல்ட்டுக்கு என்கூட வேல செய்யுற சசிதரன் எழுதுனான். அவனும் நிறுத்துன்னுதான் பேரு வெச்சான். ஆனா ஏன் நிறுத்துற, காரணம் குடுன்னு ஒண்ணச் சேத்துட்டான். குடுக்கலன்னா நிறுத்தாது. ஆமா, மேனேஜரு நீங்க கேட்டீங்கன்னுதான் சேத்தான்! எந்த ஆளு எதுக்கு பெல்ட்ட நிறுத்துறான்னு உங்களுக்குத் தெரியணுமே. லீவுக்குக் காரணம், டாய்லெட் போனா காரணம், இப்போ பெல்ட் நிக்கவும் காரணம். சரி, கேக்கட்டும். குடுத்தா வாங்கிக்க, குடுக்கலன்னா பேசாம நில்லுன்னு எழுதியிருக்கலாம்ல? ஒரு வரி சார். ஒரே வரி!

கோட்ல தப்பு பாக்குற செக்கர் கத்துச்சு. தகப்பன் கேக்காதத புள்ள கேக்குதுன்னு செவப்பா காட்டுச்சு. சசிதரன் உங்ககிட்ட கொண்டாந்து காட்டுனான். நீங்க என்ன சொன்னீங்க? ஓடுது தானே, அத வாய மூடச் சொல்லுன்னீங்க. அவனும் அந்த வரி பக்கத்துல கண்டுக்காதேன்னு எழுதிட்டான். டெஸ்ட்டுக்கு ஆபீஸ் ஸ்க்ரீன்லேருந்து காரணத்தோட நிறுத்துனீங்க, நின்னுச்சு. கை தட்டுனீங்க. பட்டன யாராச்சும் அமுத்திப் பாத்தீங்களா?

பட்டனுக்குக் காரணம் சொல்லத் தெரியாது சார். அமுத்துனதும் காரணம் எங்கன்னு கேட்டு ப்ரோக்ராம் அங்கேயே விழுந்துருச்சு. லாக் எழுதுற வரிக்கே போகல. பக்கத்து மெஷின்ல நின்ன தர்மா ஓடிப்போயி மெயின் சுவிட்ச்ச இழுக்குற வரைக்கும் பெல்ட் ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு. அக்காவுக்கு வலது கையில கட்டவெரல்தான் மிச்சம். நீங்க கவனக்குறைவுன்னு எழுதிட்டு வர்றீங்க!

என்னது? அமுத்துனத யாரு பாத்தாங்கன்னா கேக்குறீங்க?

செல்லம் அக்கா எப்படி அமுத்துவாங்க, அவங்க கைதான் உள்ள மாட்டிக்கிச்சே. எங்க லைன் வீடு பக்கத்துலதானே சார். அன்னிக்கு லீவுல வந்திருந்தேன். நாம எழுதுனது ஓடுறத ஒருதடவ பாப்போம்னு ஆசையா பேக்டரிக்குள்ள போனேன். அமுத்து பாப்பா, அமுத்துன்னு அக்கா என்னப் பாத்து கத்துறாங்க. நான் அமுத்திக்கிட்டேதான் சார் இருந்தேன்.