மூன்று லிட்டர்

லேக் மார்க்கெட்டில் காபிக்கொட்டையை முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவேன். வறுவல் ஒரு நிமிடம் கூடியிருந்தாலும் தெரிந்துவிடும். என் மூக்கு அப்படி, இன்ஸ்பெக்டர் சார். இது புரிந்தால் மற்றது எளிது.

போன ஆண்டு என் மனைவி சகுந்தலாவுக்குப் பெருங்குடல் முழுவதையும் எடுத்துவிட்டார்கள். பல வருடப் புண். சிறுகுடலின் நுனியை வயிற்றில் ஒரு துளை வழியாக வெளியே கொண்டுவந்து, அதன்மேல் ஒரு பையை ஒட்டினார்கள். செக்கச்செவேலென்று, ஈரமாக, அந்த நுனி தானாக அசையும். மலம் பையில் விழும். அவள் விரல்கள் முடக்குவாதத்தில் வளைந்தவை. ஆள் பிடிக்காமல் நடக்கவும் முடியாது. பையைக் காலி செய்வது என் வேலையாயிற்று. ஒரு நாளைக்கு ஏழு முறை.

குடல் நோய் டாக்டர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். இவள் உடம்பில் இனி நீர் தங்காது. உப்புப் பொடி கலந்த தண்ணீர் தினமும் மூன்று லிட்டர் உள்ளே போகவேண்டும். குறைந்தால் சிறுநீரகம் போய்விடும். எனக்கு நன்றாகவே புரிந்தது.

ஒரு மாதம் ஒழுங்காகக் கொடுத்தேன். எத்தனை சோப்புப் போட்டாலும் விரலிடுக்கில் அந்த வாடை இருந்தது. சாதம் பிசையும்போது மேலே எழும்பி வந்தது. ஸ்பூனால் சாப்பிடப் பழகினேன். பை நிரம்பும்போதெல்லாம் அவள், "மன்னிச்சுக்கோங்கோ" என்பாள். அது வாடையைவிட மோசம்.

ஒரு மதியம் தண்ணீர் கலக்க மறந்துவிட்டேன். அன்று பை ஒரு முறை குறைவாக நிரம்பியது. மறந்தது உண்மை. அன்று மட்டும்.

அப்புறம் இரண்டு லிட்டர். பிறகு ஒன்று. பிறகு அரை டம்ளர். டாக்டர் குறைக்கச் சொல்லிவிட்டார் என்றேன். நம்பினாள்.

"நாக்கு ஒட்டிண்டு போறதுன்னா. ஒரு வாய் ஜலம் தாங்கோ."

"அஞ்சு மணிக்குத் தரேன்."

அவள் கட்டிலிலிருந்து கடிகாரம் தெரியாது. கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும்போது மட்டும் கத்தினாள். தைலம் தேய்த்துவிட்டேன். கவனிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

புதன்கிழமைகளில் பையை மாற்ற வரும் நர்ஸ் மீரா, சகுந்தலாவின் புறங்கைத் தோலைக் கிள்ளிப் பார்த்தாள். மடிப்பு அப்படியே நின்றது.

"மேஷோ, மாஷிமா எவ்வளவு தண்ணி குடிக்கிறாங்க?" என்று வங்காள மொழியில் கேட்டாள். அவள் பேச்சில் நான் மாமா, சகுந்தலா மாமி.

"மூணு லிட்டர்."

"இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க."

நாளைக்கு என்றேன். மறுநாள் போன் செய்து, மகள் வீட்டுக்குப் போகிறோம், அடுத்த வாரம் வரவேண்டாம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பை காலியாக இருந்தது. அறையில் எந்த வாடையும் இல்லை. "இன்னிக்கு நீ சமத்து" என்றேன். உதடு வெடித்திருந்தது; ஆனாலும் சிரித்தாள். அன்று நான் கையால் பிசைந்து சாப்பிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை இறந்தாள். மீராதான் உங்களிடம் வந்திருப்பாள். அலமாரியில் பிரிக்காத உப்புப் பொட்டலங்கள் அத்தனையும் என்னுடைய வேலைதான்.

கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். தெரிந்தேதான் செய்தேன். ஆனால், தாகத்தில் தவித்துச் செத்தாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை மட்டும் அடித்துவிடுங்கள். கடைசி இரண்டு நாள் அவள் தண்ணீரே கேட்கவில்லை.