நாற்பத்தோரு டிகிரி

முனுசாமியைத்தான் சார் சொல்றேன். பதினோரு வருஷம் நம்ம டிபார்ட்மென்ட்ல அட்டெண்டரா இருந்த மனுஷனை, தெர்மாமீட்டர் பார்க்கத் தெரியாத பொய்யன்னு எழுதி வேலையை விட்டு அனுப்பினீங்களே, அந்த முனுசாமி. நாற்காலி வேணாம். நின்னுக்கினே பேசறேன்.

கும்மிடிப்பூண்டியில அந்தக் காலி ஷெட்டுக்குள்ள வௌவாலைப் பறக்கவிட்டோம். எறங்கின நிமிஷமே அவரு புடிச்சாரு. நாப்பத்தோரு டிகிரி. நீங்க இன்னா பண்ணீங்க? அதே வௌவாலைக் கோணிப்பையில போட்டு, ஜீப்புல மெட்ராஸ் கொண்டாந்து, காபி குடிச்சிட்டு அளந்தீங்க. முப்பத்தாறு. ஓடி வந்தவனை ரெண்டு மணி நேரம் ஒக்கார வெச்சிட்டு, ஏன்டா உனக்கு மூச்சு வாங்கலன்னு கேக்கறதுக்குப் பேரு ஆராய்ச்சியா?

கத்தக் கூடாதா? நீங்க புரொபசரு, நான் ஆராய்ச்சி மாணவி, சரி. மெதுவாவே சொல்றேன், மொத வருஷப் பசங்களுக்குச் சொல்ற மாதிரி. றெக்கை அடிச்சா ஒடம்புல சூடு ஏறும். ரத்தம் அந்தச் சூட்டை றெக்கைக்குக் கொண்டுபோவும். றெக்கையில ரோமம் இல்ல, வெறும் மெல்லிசுத் தோலு. காத்துல கொட்டிடும். கொட்டியும் மிச்சம் நிக்கறதுதான் அந்த நாப்பத்தொண்ணு. எறங்கி ஓய்ஞ்சா தணிஞ்சிடும். புத்தகத்துல இல்லியா? உங்க புத்தகத்துல இருக்கற வௌவால் தொங்கிக்கினு தூங்குது சார், பறக்கல.

அவ்ளோ சூட்டுல செத்திருக்கும்னு சிரிச்சீங்களே. செத்த வௌவாலா அவரு கட்டைவெரலைக் கடிச்சிது?

இதுல எனக்கு இன்னா வந்துதுன்னா கேக்கறீங்க?

அன்னிக்கு அவரு ரெண்டு கையாலயும் வௌவாலை அமுக்கிப் புடிச்சிக்கினு இருந்தாரு. தெர்மாமீட்டரைப் பார்த்தது நான்.

ஆமா சார், நான்தான். யாரு பார்த்ததுன்னு நீங்க கேட்டப்ப அவரு என் மூஞ்சியைப் பார்த்தாரு. என்னோட உதவித்தொகை பேப்பர் கையெழுத்துக்காக உங்க மேஜை மேல கெடந்திச்சு. எதுக்கெடுத்தாலும் வாதாடற நான், அன்னிக்கு வாயைத் தொறக்கல. அவரே, நான்தான் பார்த்தேன் சார்னுட்டாரு. மூணு மாசம் ஆச்சு.

நேத்து ஆரம்பாக்கத்துல அவரு ஊட்டுக்குப் போனேன். இப்ப இரும்பு ஆலையில உலைக்குக் கரி தள்றாரு. ஷிப்டுக்குக் கெளம்பிக்கினு இருந்தாரு. தப்பு என்னோடதுன்னு வாசல்லயே நின்னு அழுதேன். சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டுக்கினே சொன்னாரு, இத்த எங்கிட்ட இன்னாத்துக்கும்மா சொல்றே, அங்க போயி சொல்லு.