கத்தி படாத பதினாறு நாள்

அறந்தாங்கியிலிருந்து புதுக்கோட்டை போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பேர். தாடி வளர்ந்திருந்த இளைஞனின் கழுத்தை, பக்கத்திலிருந்த பெரியவர் உற்றுப் பார்த்தார்.

“நல்லாத் தேறிருச்சே மாப்ள. போன லீவுல வந்தப்ப கழுத்தெல்லாம் செவந்து கொப்புளமா இருந்துச்சு.”

“அப்பா செத்ததுனாலதான் ஆறிருச்சு மாமா. கருமாதி வரைக்கும் கத்தி வைக்கக் கூடாதுல்ல.”



“வேலை பாக்குற எடத்துலயும் வெந்நீர் வச்சு, முடி படிஞ்ச பக்கமா கத்திய இழுக்க வேண்டியதுதான?”

“அப்படி இழுத்தா சொரசொரப்பு நிக்குது. துபாய் ஹோட்டல்ல தெனமும் சூப்பர்வைசர் கன்னத்தத் தடவிப் பாத்துத்தான் டூட்டிக்கு விடுவான். அதுனால எதுத்து இழுப்பேன். முடி உள்ளயே சுருண்டு புண்ணாயிரும்.”

“டாக்டர்ட்ட காட்டலயா?”

“ஒரு மாசம் சவரம் பண்ணாதன்னாரு. சூப்பர்வைசர் ஒரு நாளுகூட முடியாதுன்னுட்டான்.”

“நாளைக்குக் கருமாதில எடுத்துருவாங்களே.”

“ஆமா. நாளன்னைக்கு ஃப்ளைட்டு.”

அவன் தாடியை மெல்லத் தடவினான்.

“அப்பாதான் மாமா பதினாறு நாள் வாங்கிக் குடுத்துட்டுப் போயிருக்காரு.”