நாற்பத்தோராம் தொகுதியில் நின்ற கணினி

அன்பிலும் ஆற்றலிலும் அயராத, இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் அக்கா அவர்களே! இரும்பு வடங்களின் இழுவிசையை இருபத்தொன்பது ஆண்டுகள் இமை கொட்டாமல் அளந்தவரே! பழங்கணினியின் முகப்பிலுள்ள பதினாறு சுவிட்சுகளையும் பாராமலே தட்டி, "சுவிட்ச் அக்கா" என்று பெயர் வாங்கியவரே! வணக்கம்.

புகழ்ந்தால் தங்களுக்குப் பொறுக்காது. ஆகவே சற்று நேரம் அவையோர் பக்கம் திரும்பிக்கொள்கிறோம். தாங்கள் குறுக்கே பேசாமல் காதை மட்டும் கொடுத்தால் போதும்.

அவையோரே! சென்ற மழைக்காலத்து மின்னலில் எங்கள் வடச் சோதனைக் கூடத்துப் பழங்கணினி தன் மென்பொருள் முழுவதையும் மறந்துபோயிற்று. மென்பொருள் துளையிட்ட காகித நாடாவில் பத்திரமாக இருந்தது. ஆனால் நாடாவைப் படிக்கும் கருவியும் அதே மின்னலில் கருகிவிட்டது. அந்தக் கணினி இல்லாமல் லிப்ட் வடங்களைச் சோதிக்க முடியாது. பத்து நாளில் ஓடாவிட்டால் கூடத்தைப் பூட்டி, ஏழு பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார்.

அக்கா அசரவில்லை. நாடாவை ஏழு பங்காகக் குறித்து, ஓரத்தில் அவரவர் பெயரை எழுதச் சொன்னார். ஓட்டை உண்டு, ஓட்டை இல்லை என்று முப்பதாயிரம் வரிசைகளைக் கண்ணால் படித்து மடிக்கணினியில் தட்டினோம். எட்டே நாளில் முடித்தோம்; கண் பூத்துப்போய், கனவிலும் ஓட்டைதான்! ஒன்பதாம் நாள் அக்கா மடிக்கணினியிலிருந்து பழங்கணினிக்குக் கம்பி இழுத்தார். தொடக்கக் கட்டளைகளைச் சுவிட்சுகளால் ஊட்டினார். பழையது தாங்க வேண்டுமே என்று புதியதன் வேகத்தை நொடிக்குப் பத்து வரிசையாகக் குறைத்தார். பழங்கணினியோ வரிசைகளைத் தொகுதி தொகுதியாக வாங்கி, ஒவ்வொரு தொகுதியின் முடிவிலும் கூட்டுத்தொகையைச் சரிபார்த்த பிறகே அடுத்ததை வாங்கும். நாற்பத்தோராம் தொகுதியில் கணக்கு உதைத்து, அப்படியே நின்றுவிட்டது.

மேலாளர் வந்தார். அந்தப் பகுதியைப் படித்தவர் யார், பெயர் வேண்டும் என்றார். அக்கா நாடாவின் ஓரத்தைப் பார்த்தார். பிறகு அதைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் படிச்சதுதான் சார். கண்ணு முன்ன மாதிரி இல்ல. திரும்பப் படிச்சு நாளைக்கு ஏத்திடுறேன்."

"பார்வைக் குறைவால் பிழை" என்று அவருடைய பணிப்பதிவேட்டில் ஏறியது. அக்கா அத்தொகுதியை மும்முறை படித்து, இருமுறை பதிவான ஒற்றை வரிசையைக் கண்டு, மிகையானதை நீக்கினார். பத்தாம் நாள் நண்பகலில் கணினி ஓடியது, வடம் இழுபட்டது, எங்கள் ஏழு பேர் வேலையும் தப்பியது.

அக்கா அவர்களே! இனித் தங்களிடமே பேசுகிறோம். அது தங்கள் பங்கு அல்ல. தேநீர் குடிக்க எழுந்துபோய், விட்ட இடம் தெரியாமல் அதே வரிசையை மறுபடி படித்தவர் நம் எழுவரில் ஒருவரான கிடங்குக் காப்பாளர். நாடாவில் தம் பெயரைத் தாமே எழுதியவருக்கு அது தெரியாதா? அன்று அவர் வாய் திறக்கவில்லை. இன்று இம்மடலை வாசித்துக்கொண்டிருப்பவர் அவரே. "அக்கா பேருல ஏறின தப்ப நானே மேடையில படிக்கிறேன்" என்று எங்களிடம் பிடிவாதமாகக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மேடையில் வீற்றிருக்கும் மேலாளர் அவர்களே! பணிப்பதிவேட்டின் அந்த வரியை இன்றே அடித்துத் திருத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். திருத்தும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம்.

அக்கா! நோய்நொடி அண்டாமல், நிறைந்த மனத்தோடு நெடுங்காலம் வாழ்க! இம்மடல் தங்கள் வீட்டுச் சுவரில் தொங்கட்டும். தங்கள் கண் அன்று ஒரு வரிசையைக்கூடத் தவறவிடவில்லை என்பதை வருவோர் போவோர் எல்லாரும் படிக்கட்டும்.

நன்றி மறவாத,
வடச் சோதனைக் கூடத்தார் அறுவர்
(தவறு செய்தவரின் கையொப்பம் முதலில்)