இன்னுங் கொஞ்சம் நிக்கட்டும்

போன்ல ஆடறது சுடற கேமுங்களா தம்பி? ஒண்ணுமில்லீங்க, நீங்க ஆடுங்க. பஸ்ஸு சோமனூரு போக இன்னும் முக்கா மணி நேரம் ஆவுமுல்லீங்க, அதான் எட்டிப் பாத்தேன்.

எனக்கும் தெரியுமுங்க. சிரிக்காதீங்க. நானே ஒரு கேமுல இருக்கறேன்.

நெசமாலுந்தானுங்க. பீளமேட்டுல கேம் செய்யற ஆபீசு ஒண்ணு இருக்குது. நா அங்க வாட்ச்மேனு. மூணாப்போட படிப்ப உட்டவனுக்கு வேறென்ன வேல கெடைக்கும். அங்க வம்சின்னு ஒருத்தரு, கதைக்கெல்லாம் அவருதான் பெரியாளு. நா கேட்டச் சாத்தப் போறதப் பாத்துப்போட்டு, ஐயா, அந்த நடையக் குடுக்கறீங்களான்னாரு. எளவயசுல மில்லுல இருந்தப்பப் பஞ்சு மூட்ட மேல உளுந்து எனக்கு எடது காலு இழுத்துக்குமுங்க. அந்த நடைதான் வேணுமாம். கறுப்பா இறுக்கமா ஒரு உடுப்பப் போட்டு உட்டு, மேலெல்லாம் சின்னச் சின்ன உருண்டைய ஒட்டி, நடங்கன்னாங்க. கம்ப்யூட்டரு அதப் புடிச்சுக்குதாம். நடை என்னுது. மூஞ்சி ஆருதோ.

கதைங்களா? சுடறது வெட்டறது எதுவுமில்லீங்க. ஒரு கெழவன், பேச்சுவார்த்த அத்துப்போன தம்பி ஊட்டுக்கு நடந்து போறான். அவ்ளோதான். வழி நெடுக மழை. வரஞ்சது நல்லாத்தான் வரஞ்சிருக்காங்க. வானம் சாம்பக் கலரு, மண்ணு ஈரக் கலரு, வேற எதுவும் கண்ண இழுக்காது. ஊடு வந்தாத்தான் சன்னல்ல மஞ்சளா ஒரு வெளிச்சம். மானசான்னு ஒரு புள்ள வரஞ்சது. ஏனம்மணி, ஆளுக இருக்கற ஊடுங்கறே, வாசல்ல ஒரு செருப்புக்கூட இல்லியேன்னு கேட்டேன். அடுத்த வாரம் மூணு சோடி வரஞ்சு வெச்சிருந்துச்சு. அதுல ஒண்ணுக்கு வாரு அந்து போயிருந்துச்சு. கெட்டிக்காரப் புள்ள.

நா நடந்து காட்டுன எடத்துல, கதவுக்குப் பதுலா ரெண்டு பைப்ப நட்டு வெச்சிருந்தாங்க. அதுக்கு முன்னால போயி, தம்பி, என்னைய மன்னிச்சுக்கடான்னு சொல்லோணும். நா சொல்லலீங்க. வெறும் பைப்பப் பாத்துக்கூட வாயில வரல. ஒம்பது தடவ கேட்டாங்க. கடசில வம்சி, உடுங்கய்யா, சும்மா நில்லுங்க போதும்னுட்டாரு. நின்னேன். கேமுலயும் அப்படியே வெச்சுப்போட்டாங்க. ஆடறவங்க கதவத் தொறந்தா கெழவன் உள்ள போயிருவான், கத முடிஞ்சுது. தொறக்காட்டி மழைல நின்னுக்கிட்டே இருப்பான். எத்தன நேரமானாலும்.

எனக்கும் ஒரு தம்பிதானுங்க. அங்கப்பன். சோமனூர்ல தறி. அவனோட பேசிப் பத்தொம்பது வருசமாச்சு.

ஏனா? எங்கம்மா செத்தப்ப நா பொள்ளாச்சிப் பக்கம் வேலைல இருந்தேன். சேதி கேட்டு, பஸ்ஸு மாறி மாறி, அஞ்சு மணிக்கு வந்து எறங்கறேன். நாலு மணிக்கே அங்கப்பன் எடுத்துப்போட்டான். ஒரு மணி நேரம் தம்பி. அம்மா மொகத்த நா பாக்கலீங்க. சொந்தக்காரங்க அவசரப்படுத்துனாங்களாமா. படுத்தட்டுமே, சொன்னா இவனுக்கு எங்க போச்சு புத்தி? அப்பறம் அவன்ற கடசி மக கல்யாணத்துக்குக் கூப்புட வந்தான். நா கதவத் தொறக்கல. பத்திரிக்கைய வாசப்படில வெச்சுப்போட்டுப் போயிட்டான்.

இப்ப என்னாச்சுன்னா, அவன்ற பேத்தி லோகப்பிரியா காலேஜு படிக்குது. அந்தக் கேமு அதுகிட்ட இருந்திருக்குது. நா அதுல இருக்கற சங்கதி அதுக்கென்ன தெரியும். அது ஆடறப்பப் பின்னால கட்டில்ல படுத்துக் கெடந்த அங்கப்பன் எந்திரிச்சு உக்காந்துட்டானாம். இது எங்கண்ணன் நடையாச்சேன்னானாம். மூஞ்சியே வேறீங்க, தம்பி. கதவுகிட்ட வந்ததும் அந்தப் புள்ள தொறக்கப் போயிருக்குது. தொறக்காதே கண்ணு, நிக்கட்டும்னு சொல்லிப்போட்டான். அப்பறம் தெனமும் சாயங்காலம் அதையே போடச் சொல்றது. இன்னுங் கொஞ்சம் நிக்கட்டும், இன்னுங் கொஞ்சம் நிக்கட்டும்னு உக்காந்து பாக்கறது. மூணு மாசம்.

வன்மம்ங்கறீங்களா? இருக்கும். நானா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன். ஆனா, தொறந்தாக் கத முடிஞ்சுரும், அப்பறம் என்னையப் பாக்க முடியாதுல்லீங்க. அதும் இருக்கும். எனக்கு இப்படீன்னும் தோணல, அப்படீன்னும் தோணல.

காத்தாலதான் அந்தப் புள்ள போன்ல சொல்லுச்சு. என்ற நம்பர எங்க புடிச்சுதோ. பெரிய தாத்தான்னு கூப்புட்டுது.

ஆமாங்க, அங்கதான் போறேன். இந்தப் பையிலீங்களா? மாலைங்க. காந்திபுரத்துலயே வாங்கிப்போட்டேன். இல்லீங்க, கல்யாணமெல்லாம் இல்ல.

அட, வெரசாப் போகச் சொல்லிக் கண்டக்டரக் கூப்புடாதீங்க தம்பி. பஸ்ஸு மெதுவாவே போகட்டும். எங்கண்ணன் வந்து மொகத்தப் பாத்தப்பறந்தான் என்னையத் தூக்கோணும்னு சொல்லிப்போட்டுத்தான் செத்திருக்கான்.