காய்ந்த துண்டு

— குளிச்சிட்டா வர்றீங்க?

— ம்ம்.

— தலை காஞ்சிருக்கு.

— தலைக்கு ஊத்தல.

— துண்டும் காஞ்சிருக்கே.

— ...உடம்புக்கும் அவ்வளவா ஊத்தல.

— அப்போ இவ்வளவு நேரம் குழாயைத் திறந்து விட்டது யாருக்கு? வாளிக்கா?

— ஒரு மனுஷன் பாத்ரூம் போயிட்டு வந்தா இவ்வளவு விசாரணையா...

— கையைக் காட்டுங்க.

— போனைத் தேடறியா? அந்தா, ஃப்ரிட்ஜ் மேல கிடக்கு. எடுத்துப் பாரு.

— பார்த்துட்டேன். அதுல ஒண்ணும் இல்ல. அதான் இன்னும் சந்தேகமா இருக்கு.

— சரியாப் போச்சு.

— உள்ள பேச்சுச் சத்தம் கேட்டுச்சுங்க. தண்ணிச் சத்தத்துல வார்த்தைதான் புரியல.

— பாட்டுப் பாடினேன்.

— கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து நீங்க பாடி நான் கேட்டதில்ல.

— தலையில அடிபட்ட பிறகுதான் பாட்டு வருது போல.

— எல்லாத்துக்கும் அந்த அடியையே சொல்லிடுங்க. ஏணி மேல நின்னுக்கிட்டு என்னைத் திட்டறதுக்காகத் திரும்பினவர்தானே நீங்க? பல்பை மட்டும் மாட்டியிருந்தா விழுந்திருக்கவே மாட்டீங்க.

— இப்ப திட்டறேனா?

— அதைத்தான் கேக்கறேன். ஏன் திட்ட மாட்டேங்கறீங்க?

— இது என்னடி வம்பா இருக்கு...

— பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க. உங்ககிட்ட கார் பழகறப்போ நேரா மரத்துல கொண்டுபோய் இடிச்சாங்களாம். நீங்க இறங்கிப் பார்த்துட்டு, பரவாயில்லம்மா, மரத்துக்கு ஒண்ணும் ஆகலன்னு சொன்னீங்களாம்.

— ஆகலையே.

— டிரைவிங் ஸ்கூல்ல உங்களுக்கு 'இடி சார்'னு பேரு. கியர் மாத்தத் தெரியலன்னு பாதி ரோட்டுல ஒருத்தரை இறக்கி விட்டுட்டு வந்த ஆளு நீங்க.

— அந்த ஆளைத்தான் தேடறியா?

— ...தேடல.

— தேடற. நானும் பார்த்துக்கிட்டேதான் இருக்கேன். சரி, இப்ப நான் ஒண்ணு கேக்கட்டா? போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை எங்க போன?

— தையல்காரர்கிட்ட. ஜாக்கெட் குடுக்க.

— அவர் கடை அன்னைக்குப் பூட்டு. அந்தத் தெருவுலதான் நான் வண்டி பழக்கறேன்.

— அப்படியா... அப்போ புதன்கிழமையா இருக்கும்.

— ஆஸ்பத்திரி வாசல்ல பார்த்தேன்.

— தலைவலிங்க.

— உன் தலைவலிக்கு என் டாக்டரா? என்கிட்ட என்ன சொன்ன? டாக்டர் வெளியூர் போயிட்டாரு, செக்கப்புக்கு இப்ப வர வேண்டாம்னுட்டாருன்னு. இந்த மாசமும் அதேதான். எனக்கு எதுவும் பெருசா இருக்கா? மறைக்கறியா?

— ஐயோ, அப்படியெல்லாம் இல்லங்க. வாயை அலம்புங்க முதல்ல.

— பின்ன?

— உங்களுக்கு நெத்திக்குப் பின்னாடிதானே அடி. அங்க பட்டா சில பேருக்குக் கோபம் கூடுமாம், சில பேருக்கு உங்கள மாதிரி அடங்கிடுமாம். ஆனா மூளை சும்மா இருக்காதாம். அறுந்த பாதைக்குப் பதிலா வேற பாதை போட்டுக்கும், காயம் ஆற ஆற பழைய குணம் திரும்பினாலும் திரும்பலாம்னு டாக்டர் முன்னாடியே சொல்லியிருந்தாரு.

— நல்லதுதானே.

— யாருக்கு நல்லது? அதான் போய்க் கேட்டேன். இப்படியே வச்சிருக்க ஏதாவது வழி இருக்கான்னு.

— புருஷன் குணமாகக் கூடாதுன்னு டாக்டரைக் கேட்டியா?

— சிரிக்காதீங்க. அவரும் சிரிச்சாரு. எனக்கு மட்டும்தான் சிரிப்பு வரல.

— என்ன சொன்னாரு?

— அதுக்கெல்லாம் மருந்து கிடையாதும்மா, கவனிச்சுப் பாருங்க, சட்டுனு கோபம் வருதான்னு பாருங்கன்னாரு. கவனிச்சேன்.

— எப்படி?

— ...வேண்டாம், விடுங்க.

— சொல்லு.

— குழம்புல வேணும்னே உப்பை அள்ளிப் போட்டேன்.

— அது வேணும்னேயா!

— ஒரு வார்த்தை சொல்லாம தண்ணியைக் குடிச்சிட்டு எந்திரிச்சுப் போனீங்க. அடுத்த வாரம் கார் சாவியை அரிசி டப்பாவுல போட்டேன்.

— அடிப்பாவி. வீட்டையே புரட்டிப் போட்டேனேடி.

— புரட்டினீங்க, கத்தல. சரி, தப்பிச்சோம்னு நினைச்சேன்... இருங்க. உப்பு போட்ட அன்னைக்கு எந்திரிச்சு எங்க போனீங்க?

— ஞாபகம் இல்ல.

— பாத்ரூமுக்குத்தான் போனீங்க. சாவி தொலைஞ்ச அன்னைக்கும் ரொம்ப நேரம் குழாய் ஓடுச்சு. இன்னைக்கு... இன்னைக்கு நம்ம பொண்ணு குட்டி உங்க மூக்குக்கண்ணாடியை மிதிச்சு உடைச்சிட்டா.

— அவளே வந்து சொன்னா. முன்னயெல்லாம் சொல்ல மாட்டா.

— பேச்சை மாத்தாதீங்க. உள்ள போய் என்ன பண்ணீங்க?

— ...கத்தினேன்.

— யாரைப் பார்த்து?

— சுவத்தை, வாளியை, கண்ணாடி செஞ்சு குடுத்தவனை. வாய்க்கு வந்ததையெல்லாம். ஓய்ஞ்சதும் குழாயை மூடிட்டு வந்தேன்.

— எப்போலேருந்து கோபம் திரும்பி வருது?

— ரெண்டு மாசம் இருக்கும். நீ கவலைப்பட்டது வந்தாச்சு. சொன்னா நீ பயந்துக்குவன்னுதான்...

— பயந்துதாங்க போனேன். இப்பவும் பயமாத்தான் இருக்கு. முன்ன உங்க வண்டிச் சத்தம் கேட்டதும் குட்டி தட்டை எடுத்துக்கிட்டு ரூமுக்குள்ள போயிடுவா. இப்பத்தான் உங்க பக்கத்துல உக்காந்து சாப்பிடறா. பழையபடி ஆயிட்டீங்கன்னு தெரிஞ்சா அவ மறுபடி கதவைச் சாத்திக்குவா. அதை என்னால பார்க்க முடியாது. அவளுக்கு மட்டும் தெரியாம பார்த்துக்குங்க, உங்களுக்குப் புண்ணியமா போகும்.

— முதல் நாள் நான் குழாயைத் திறக்காமலே உள்ள கத்தினேன். வெளிய வந்தா எதிர்ல குட்டி நிக்கறா, கையில தட்டோட. அம்மாவுக்குக் கேக்கும்ப்பா, தண்ணியைத் திறந்து விட்டுட்டுக் கத்துங்கன்னா... அப்புறம் என் பக்கத்துல வந்து உக்காந்துதான் சாப்பிட்டா.